பக்கத்து இருக்கையின் பிரேக்

கணவர் இறந்து ஒரு வருடமாகியிருந்தது. அவர் பலருக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்த பயிற்சிக் காரில்தான் அவள் தனியாக வேலைக்குப் போய்வந்தாள். அதில், கற்றுக்கொடுக்கும்போது அவர் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.

மெக்கானிக் முன்சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பிரேக் பேடுகளை அளந்தார்.

“பத்து மில்லிமீட்டர் இருந்தது, ஆறே மாசத்துல மூணாயிடுச்சு. ஆபீசுக்குப் போறீங்களா, தினம் மலையிறங்குறீங்களா அண்ணி?”

“நான் போற வேகத்துக்கு பிரேக்கே வேண்டாம், தம்பி.”

சிரித்தபடியே புதிய பேடுகளைப் பொருத்திவிட்டு அவர் காருக்குள் குனிந்தார். பக்கத்து இருக்கை பிரேக்குக்குப் போனமுறை அவர் போட்ட புது ரப்பர், நடுவில் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார்.

“யாரும் உக்காராத சீட்டுதானே. இதைக் கழட்டிடட்டுமா?”

“ஐயோ, வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

வீட்டுக்குத் திரும்பும்போது, தெருமுனைத் திருப்பத்தில் அவள் கால் போவதற்குள் பிரேக் தானாக மெல்ல அமுங்கியது. கார் நிதானமானது.

“பார்த்துட்டேங்க. எனக்குத் தெரியாதா?” என்று காலி இருக்கையிடம் சலித்துக்கொண்டாள்.

ஆனாலும் அடுத்த திருப்பம் வந்தபோது, பிரேக்கில் கால் வைக்காமல் கொஞ்சம் காத்திருந்தாள்.