பதினேழாம் கட்டில்

கிழக்கு மாகாணத்துக்கு நாகரிகத்தையும் நாட்டுக்குக் கனவான்களையும் வழங்கியது வெள்ளைக்காரன் காலத்து அந்த விடுதிப் பள்ளிக்கூடம்தான். கனடாவில், மொன்றியல் பழைய மாணவர் சங்கத் தலைவர் குலேந்திரன் ஆண்டுதோறும் மீன் ரோல்ஸ் தின்றுகொண்டே இதைச் சொல்வார்.

2005 மே மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், பள்ளி டையைக் கட்டிக்கொண்டு புறநகர் கர்க்லாண்டில் தம் வீட்டு பேஸ்மென்டில் சங்கத்தைக் கூட்டினார். ஊர்ப் பள்ளியில் பதவியேற்ற புதிய அதிபரை நீக்கச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டும். அந்த ஆள் லண்டனையே கண்டதில்லையாம்.

செயலாளர் றொபின்சன் அதிபரின் தகைமைகளை வாசித்தார். "பிறந்தது 1969. அனுபவம்: இதே பள்ளியில் விடுதி மேற்பார்வை, 1946 தொடக்கம் 1948 வரை."

"பிறக்க முன்னமே வேலைக்குப் போயிருக்கான்!" என்றார் குலேந்திரன். எல்லாரும் சிரித்தார்கள்.

"சாதனை: படுக்கையை நனைத்த பிள்ளைகளை, மெத்தையைத் தாங்களே தூக்கி முற்றத்தில் காயப்போட வைத்துத் திருத்தியது. பதினேழாம் கட்டிலைத் தவிர." றொபின்சன் நிமிர்ந்தார். "ஆரு அண்ணன் அந்தப் பதினேழு?"

"எனக்கென்னடாப்பா தெரியும்?" குலேந்திரன் டையைத் தளர்த்தினார். ஐம்பத்தேழு வருடங்களாக அந்தக் கட்டில் எண்ணை அவர் மனைவி கமலாவதியிடம்கூடச் சொன்னதில்லை. "வாசிச்சது காணும். கையெழுத்தப் போடுங்க."

போட்டார்கள்.

மறுநாள் காலை நல்ல வெயில். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து "போன்ஜூர்" என்றார். அறுபத்தேழு வயதுக் குலேந்திரன் தம் மெத்தையைத் தாமே தூக்கிவந்து புல்லில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.