இரண்டு முனைகள்

மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் பொருள் இருக்கும்போது, வெப்பத்தை அப்படிக் கடத்த ஒன்று ஏன் இருக்கக் கூடாது? செந்தாமரையின் ஆய்வே இந்தக் கேள்விதான். தண்டின் ஒரு முனையைச் சூடாக்குவாள். மறுமுனை கொஞ்சம் குறைத்தே காட்டும். உலோகத்தை மாற்றினாள், கலவையை மாற்றினாள், வழிகாட்டிப் பேராசிரியரே மாறிப்போனார். அந்தக் கொஞ்சம் மட்டும் போகவில்லை. ஒருமுறை ஆத்திரத்தில் தண்டைத் தரையில் வீசி அடித்தாள். ஆய்வகத்தைக் காலி செய்யச் சொல்லியிருந்த அன்று காலை, இரண்டு முனைகளும் ஒரே வெப்பநிலையைக் காட்டின. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை ஆய்வாளன் ஜாபர் ஓடிவந்தான். திரையில் எண்களைப் பார்த்தான். குனிந்து ஹீட்டரைத் தொட்டான்.

"அக்கா, ஹீட்டர் போயிருச்சு. ரெண்டு பக்கமும் ரூம் சூட்டைத்தான் காட்டுது."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியுது ஜாபர். கொஞ்ச நேரம் எதையும் தொடாதே."