குடோனுக்கு நடுவுல ஒரு சுவரு

"குடோனுக்கு நடுவுல ஒரு சுவரு எழுப்பிடு மாப்ள. அவன் என் பக்கமே வரக் கூடாது"ன்னாரு பெரிய மாமா.

காலேஜ் தலையில கை வெச்சுக்கிட்டான். படிப்பைப் பாதியில விட்டதுலேருந்து வீட்ல அவனுக்கு அதுதான் பேரு.

"மாமா, அது நிஜ குடோன் இல்ல. உங்களுக்குப் புரியட்டும்னு அப்படிச் சொன்னேன்."

மாமாங்க ரெண்டு பேருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடை. அண்ணன் கடை தெருவோட இந்த முனை, தம்பி கடை அந்த முனை. பிரிஞ்சதுலேருந்து பேச்சுவார்த்தை கிடையாது. ஆனா சரக்கு மட்டும் இன்னும் சேர்ந்துதான் வாங்குவாங்க. கோவம் வேற, வியாபாரம் வேற இல்லையா? இருந்த ஒரே ஃப்ரேமை ஆளுக்கொரு கஸ்டமருக்கு வாக்குக் கொடுத்து, அந்தக் கஸ்டமருங்க ரெண்டு பேரும் சண்டைக்கு வந்த பிறகுதான் காலேஜைக் கூப்பிட்டாங்க, ஒரு வெப் அப்ளிகேஷன் பண்ணிக் கொடுடான்னு.

"திரும்பச் சொல்றேன். திரையில நீங்க பார்க்கிறது ஷோகேஸ். அது ஆளுக்கொண்ணு. பின்னாடி சரக்கு விவரம் ஒரே இடத்துல இருக்கும், அதைத்தான் குடோன்னு சொன்னேன், பேரு டேட்டாபேஸ். நடுவுல சர்வர்னு ஒருத்தன் நின்னு கேட்டதை எடுத்துக் கொடுப்பான். நீங்க ஒண்ணு வித்தா அந்தக் கடையிலயும் அப்பவே குறைஞ்சிடும். யாரும் யார் மூஞ்சியிலயும் முழிக்க வேணாம்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" மாமா குரலைத் தாழ்த்தினாரு. "மாப்ள, அவன் காலையில கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டு இதுக்குள்ள வந்ததும் என் பக்கம் ஒரு பச்சை லைட் எரியணும். அவனுக்குத் தெரியக் கூடாது."

"எதுக்கு? லேட்டா வந்தா பெஞ்சு மேல ஏத்தவா?"

"போடுன்னா போடுடா."

தம்பிக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆனப்ப ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத மனுஷன். இப்ப வேவு பார்க்கிறாராம்!

அந்த முனைக்குப் போனா, சின்ன மாமா காதைக் கடிச்சாரு. "மாப்ள, அவன் கடை திறந்ததும் எனக்கொரு பச்சை லைட். அவனுக்குத் தெரிய வேணாம்."

எலியும் பூனையுமா இருக்கிறவங்களுக்கு யோசனை மட்டும் எப்படி ஒண்ணு போல வருது? காலேஜ் வாயைப் பொத்திக்கிட்டு ரெண்டு லைட்டையும் போட்டுக் கொடுத்தான்.

தினமும் எரிஞ்சுது. ஒரு நாள், சின்ன மாமா வந்ததைக் காட்டுற லைட் எரியல.

பெரிய மாமா ஒரு டீச்சருக்குக் கண் டெஸ்ட் பண்ணிக்கிட்டிருந்தாரு. கண்ணு எல்லாம் திரை மேல. "சோம்பேறி, இன்னும் தூங்குறான் பாரு." மறுபடி பார்த்தாரு. "நெட் கிட் போயிருக்குமோ மாப்ள?"

"இருங்க, போன் பண்ணிப் பார்க்கிறேன்."

காலேஜ் போனை எடுக்கிறதுக்குள்ள மாமா வாசலைத் தாண்டிட்டாரு. "ஏங்க, எனக்கு எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதே!"ன்னு டீச்சர் கத்தினது காதுல விழவே இல்ல.

செருப்பு இல்லாம அந்த முனை வரைக்கும் ஓட்டம். காலேஜும் பின்னாடியே.

அங்க சின்ன மாமா குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து லென்ஸ் துடைச்சுக்கிட்டிருந்தாரு. கம்ப்யூட்டர் அணைஞ்சு கிடந்துது.

பெரிய மாமா வாசக்காலைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கினாரு. "ஏன்டா... ஏன்டா லைட் எரியல? உனக்கு என்னமோ ஆயிடுச்சோன்னு..."

சின்ன மாமா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாரு. "உக்காருண்ணே. உன் பக்கம் பச்சை லைட் எரிஞ்சிருக்காதுன்னு தெரியும்."

"என் பக்கம் லைட் எரியுறது உனக்கெப்படிடா தெரியும்?" பெரிய மாமா காலேஜைப் பார்த்து முறைச்சாரு.

"சத்தியமா நான் சொல்லல மாமா!"

"அவனைத் திட்டாதே. எனக்குத் தோணினது உனக்குத் தோணாமலா இருக்கும்? ஒரே வயித்துல பொறந்தோமே." சின்ன மாமா லென்ஸ் துடைச்ச துணியாலயே கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. "கூப்பிட்டா நீ வர மாட்டேண்ணே. அதான் அணைச்சேன்."