பாதியாகச் சுண்டும் வரை

நாற்பத்தொன்று.

பதினெட்டு.

மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஒரே கதவு எண், ஒரே போர் தண்ணீர். இரண்டு தாளையும் சேர்த்து இவள் கையிலேயே கொடுத்தார்கள். தாள் மாறுவதற்கு என்ன.

மாறவில்லை.

நாற்பத்தொன்றுக்கு மேலே தர்ஷினி, வயது ஏழு. இவள் பெற்ற பெண்.

பதினெட்டுக்கு மேலே நிதிஷ், வயது ஆறு. கொழுந்தன் மகன். கோமளாவின் பிள்ளை.

இரத்தத்தில் எவ்வளவு காரீயம் என்று அந்தத் தாள் சொன்னது. ஐந்து இருந்தாலே கவலைப்பட வேண்டுமாம்.

பள்ளிக்கூட வராந்தாவில் முகாம் நடந்துகொண்டிருந்தது. ஊருக்கு வடக்கே பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் கம்பெனி. பத்து வருடம் கழிவைக் குழியில் விட்டார்கள். போன மாதம்தான் அதிகாரிகள் வந்து பூட்டு போட்டு, பூட்டோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கம்பெனிக்காரன் பட்டணத்தில் கேன் தண்ணீர் குடித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறான். நாசமாய்ப் போகிறவன்.

ஆனால் இந்த நிமிடம் இவளுக்கு அவன்மேல்கூட அவ்வளவு ஆத்திரம் வரவில்லை.

பதினெட்டின்மேல் வந்தது.

கோமளாவுக்கும் இவளுக்கும் நடுவே ஒரு சுவர். பாகம் பிரித்தபோது எழுப்பியது. பகைக்கு ஒன்பது வயது.

மோட்டார் போட்டால் நிதிஷ் குழாயில் வாய் வைத்துக் குடிப்பான். கோமளா காய்ச்சவும் மாட்டாள், வடிகட்டவும் மாட்டாள். பெற்றுப் போட்டால் போதுமா, வளர்க்க வேண்டாமா என்று இவள் தெருவில் நின்று கேட்டிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, பல தடவை.

இவள் காய்ச்சுவாள்.

குண்டான் நிறையத் தண்ணீர் வைத்து, சீரகம் போட்டு, பாதியாகச் சுண்டும் வரை காய்ச்சுவாள். அடியில் படியும் வெள்ளையைச் சுரண்டி எடுத்து, அழுக்கெல்லாம் போயிற்று என்று கணவனுக்குக் காட்டுவாள்.

தர்ஷினிக்கு வயிற்றுவலி வந்தது. இன்னும் கொஞ்சம் சுண்ட வைத்தாள்.

இன்று படித்த எழுத்து நாளைக்கு மறந்தது. மூன்றில் ஒரு பங்காகச் சுண்ட வைத்தாள்.

என்ன தண்ணீர் கொடுக்கிறாய் என்று நர்ஸ் கேட்டபோது, இதையெல்லாம் பெருமையாகச் சொன்னாள்.

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

“காய்ச்சினா கிருமிதாம்மா சாவும். காரீயம் எங்க போவும்? தண்ணிதான் ஆவியாப் போவும், அது உள்ளயே நிக்கும். சுண்டச் சுண்ட பாப்பாவுக்கு ஜாஸ்தியாத்தான் போயிருக்கு. போர் தண்ணியே இனிமே வேணாம், லாரித் தண்ணி மட்டும் குடு. பாப்பாவ நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரியில சேத்துடு. அந்தப் பையனோட அம்மாகிட்டயும் சொல்லிடு.”

நர்ஸை அறைய வேண்டும் போலிருந்தது.

அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். தர்ஷினி இவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடெல்லாம் வெளுத்திருந்தது. வெயில் படாத பிள்ளை, அதுதான் வெளுப்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

பையனுக்குக் கால் கழுவிவிட்டுக் கோமளா வந்தாள்.

“இன்னாக்கா போட்டுக்குது? எனக்கு இங்கிலீஷ் தெரியாது.”

“இவனுக்குப் பதினெட்டு.”

“பாப்பாவுக்கு?”

இவள் மகளின் தாளை நான்காக மடித்தாள்.

“கம்மிதான்.”

கோமளாவின் முகம் சுருங்கியது. அதைப் பார்க்க இவளுக்குச் சுகமாக இருந்தது. வெட்கமில்லாத சுகம்.

“உன்ன மாதிரி காய்ச்சிக் குடுக்க எனக்குத் துப்பில்லாமப் போச்சே. லாரி வராத அன்னிக்கு நானும் இனிமே காய்ச்சியே குடுக்கறேன். எவ்ளோ நேரம்கா காய்ச்சணும்?”

இந்த ஒன்பது வருடத்தில் கோமளா இவளிடம் கேட்ட முதல் யோசனை.

உண்மையைச் சொன்னால் சாயங்காலமே லாரி வரிசையில் பேச்சாகிவிடும். பெற்றவளே விஷத்தைச் சுண்ட வைத்து ஊட்டினாள் என்பார்கள். தெருவில் நின்று இவள் பேசியதெல்லாம் வட்டியோடு திரும்பும்.

சொல்லாவிட்டால், பதினெட்டு முப்பத்தாறாகும். அந்தக் கணக்கும் இவளுக்குத் தெரிந்தது.

“பாதியா சுண்டற வரைக்கும்” என்றாள்.

குரல் நடுங்கவில்லை. நடுங்கும் என்று எதிர்பார்த்தாள்.

“சீரகம் போடணுமா?”

“போடு.”

முந்தானை தளர்ந்தது.

சித்தி வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததற்கே அடி வாங்கிய பெண். நேராகப் போய்க் கோமளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சித்தி, தம்பிக்குக் காய்ச்சாத. காய்ச்சித்தான் எனக்கு வயிறு வலிச்சுதாம். நர்சம்மா சொன்னாங்க.”

கோமளா குழந்தையைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். கையை நீட்டி, மடித்த தாளை வாங்கிப் பிரித்தாள்.

எண்ணைப் படிக்க இங்கிலீஷ் வேண்டியதில்லை.

இவள் காத்திருந்தாள். கோமளாவின் வாய் ஊர் அறிந்த வாய். பாவி என்பாள். முடியைப் பிடித்து இழுப்பாள். இழுக்கட்டும். திருப்பிக் கொடுக்க இவளுக்கும் கை இருக்கிறது.

கோமளா தாளைப் பழையபடி மடித்து இவள் கையில் வைத்தாள்.

“பாப்பாவ ஆஸ்பத்திரிக்கு எப்பக்கா இட்டுனு போவணும்?”

இவள் தாளை இடுப்பில் செருகினாள்.

“நானும் வரேன்” என்றாள் கோமளா.

அதைவிட அவள் இவள் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம்.