பெரியவரின் சுகம்

“பெரியவருக்குச் சூடு முப்பத்தெட்டு. முந்தநாள் கொஞ்சம் கலங்கிக் கிடந்தார். வெள்ளை மருந்து குடுத்தனான், தெளிஞ்சிட்டார். வெள்ளிக்கிழமை முழுக்க இறக்கிப்போட்டுப் புதுசா ஏத்தப்போறன்.”

சிவபாலன் ரெலிபோனில் சொல்லச் சொல்ல, ரொறன்ரோவில் இருந்த மைத்துனர் ஸ்ரனிஸ்லாஸ் நிம்மதியாக மூச்சு விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கோல் எடுப்பேன் என்று சொல்லி வைத்தார்.

பெரியவர் ஒரு தொட்டி. கொழும்பு வெள்ளவத்தையில் வீடு கட்டியபோது ஸ்ரனிஸ்லாஸ் கப்பலில் அனுப்பிவைத்த ஹொட் டப். நாலு பேர் காலை நீட்டி உட்காரலாம். பொத்தானை அமத்தினால் வெந்நீர் குமிழியிட்டுப் பொங்கும். நாட்டில் சண்டை முடிந்ததும் வந்து அதில் இறங்குவேன் என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

அதுவரை தண்ணீர் கெடக்கூடாது. அந்த ஒரு நிபந்தனையின் பேரில்தான் அவருடைய தங்கை பேர்ணடெற்றும் அவள் கணவர் சிவபாலனும் வாடகை இல்லாமல் அந்த வீட்டில் இருந்தார்கள்.

கொழும்புப் புழுக்கத்தில் வெந்நீருக்குள் யார் இறங்குவது? பேர்ணடெற் ஒரு தடவை காலை வைத்துப் பார்த்தாள். அவித்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி ஆகிவிடுவேன் என்று உடனே வெளியே எடுத்துவிட்டாள்.

ஆனாலும் சிவபாலன் தினமும் காலையில் மூடியைத் தூக்கி, நிறம் மாறும் தாள் ஒன்றைத் தண்ணீரில் நனைத்துப் பார்ப்பார். ஒரு முனை வெளிறினால் குளோரின் போடுவார். மறுமுனை ஊதாவானால் அளந்து அசிட் விடுவார். வடிகட்டியைக் கழற்றிக் கைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவுவார். கடற்காற்றோடு வரும் மணலுக்கும் காகங்களுக்கும் பயந்து மூடியைக் கயிறு போட்டுக் கட்டிவைப்பார்.

பெரியவர் என்று பெயர் வைத்தவள் பேர்ணடெற்தான். ஊரெங்கும் செக்பொயின்ற் இருந்த காலம். தமிழர் வீட்டு ரெலிபோனில் அசிட், குளோரின், ஹீட்டர் என்றெல்லாம் கதைத்தால், ஒட்டுக்கேட்பவன் என்ன நினைப்பான்? ஒரு நோயாளியைப் பற்றிக் கதைப்பதுபோலக் கதைக்க வேண்டும் என்று அண்ணனுக்கும் கணவருக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை கேற்றடியில் ஜீப் ஒன்று வந்து நின்றது. சிவில் உடுப்பில் இரண்டு பேர் இறங்கினார்கள். சிவபாலன் பழக்கத்தில் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். வேண்டாமென்று கையசைத்துவிட்டு, ஒருவர் நல்ல தமிழில் கேட்டார்.

“பெரியவர் எங்க?”

தன் கெட்டித்தனமே புருஷனைப் பிடித்துக் கொடுத்துவிட்டது என்று பேர்ணடெற்றுக்கு விளங்கியது.

சிவபாலன் அவர்களைப் பின்பக்கம் கூட்டிப்போய் மூடியைத் திறந்து காட்டினார். கேட்டவர் குனிந்து அடிவரை பார்த்தார். கையை விட்டு அளைந்தார், விரல்களை முகர்ந்தார், மற்றவரைப் பார்த்துத் தலையாட்டினார். மைத்துனர், கனடா, குளியல் என்று சிவபாலன் குளறிய எதையும் அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“எங்களோட வரவேணும். மருந்தையும் எடுங்க.”

பேர்ணடெற் ஓடிப்போய்ப் பிரஷர் குளிசையையும் மாற்றிக் கட்ட ஒரு சாரத்தையும் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

“இது இல்ல அம்மா. பெரியவருக்குக் குடுக்கிற மருந்து.”

குளோரின் வாளி, அசிட் போத்தல், தாள் டப்பா எல்லாம் ஜீப்பில் ஏறின. சாட்சியங்களும் போகின்றன, மனுஷனும் போகிறார், இனி எந்த ஆமிக் காம்பிலே போய்த் தேடுவது என்று அவள் கேற்றைப் பிடித்தபடி நின்றாள்.

ஜீப் பொலிஸ் ஸ்ரேஷனில் திரும்பாமல் நேரே போனபோதுதான் சிவபாலனுக்கு உண்மையான பயம் பிடித்தது. அது பெரிய மனிதர்கள் குடியிருக்கும் கறுவாக்காட்டுப் பக்கம் போய், உயரமான மதிலும் காவலும் இருந்த பெரிய வீடு ஒன்றுக்குள் நுழைந்தது. ஒரு அறையில் அவரை இருத்தினார்கள். இளம் அதிகாரி ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு எதிரே அமர்ந்து விசாரிக்கத் தொடங்கினார்.

முதலில் எதைப் போடவேண்டும், பிறகு எதை? இடையில் எவ்வளவு நேரம் பொறுக்கவேண்டும்? நுரை வந்தால் என்ன செய்வது? இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் என்ன ஆகும்?

நச்சுப் புகை வரும் என்று சிவபாலன் உண்மையைச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தன் கழுத்துக்குத் தானே கயிறு போட்டது உறைத்தது.

“சேர், நான் ஒருத்தருக்கும் தீங்கு நினைச்சதில்லை. இண்டைக்கே அதை உடைச்சு எறியிறன். என்னை விட்டிடுங்கோ.”

அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினார். ரொறன்ரோவிலிருந்து வரும் கோல் எல்லாவற்றையும் ஒரு வருஷமாகத் தான்தான் கேட்டு வருவதாகச் சொன்னார். அதில் ஒரு சொல்லைக்கூடத் தவறவிடவில்லையாம்.

சிவபாலன் கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கும்பிட்டார். போதாது என்று பட்டதால் மனைவியின் அந்தோனியாரையும் கூப்பிட்டார்.

அதிகாரி அவர் தோளைப் பிடித்துப் பின்வளவுக்கு நடத்திப் போனார். மதிலோரம் எதையோ தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். ஆள் நடமாட்டம் இல்லை. அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சிவபாலனின் காதருகே குனிந்தார்.

“அங்கிள், நீங்க சொன்னமாதிரியே செஞ்சும் எங்கட சேர்ட தொட்டி பச்சையாப் போச்சு.”