காலித் தட்டு

பெய்ரூட்டில் நஸீஹின் சுஷி மீன் உணவுக் கடையில் அன்றுதான் மதியச் சலுகை ஆரம்பம். மலிவாக ஒரே விலை, வேண்டுமட்டும் சாப்பிடலாம்.

முதல் ஆளாக வந்த உம்மு வலீத் ஐந்தாவது தட்டையும் காலி செய்துவிட்டாள். உள்ளே நஸீஹின் மனைவி ஜுமானா மீன் பெட்டியைத் திறந்து காட்டினாள்.

"பாத்துக்கோ, மிச்சம் இவ்வளவுதான். இப்படியே போனா சலுகையும் கிடையாது, கடையும் கிடையாது."

"நான் என்ன பண்ண? தட்டு காலியாயிடுச்சே!"

"குச்சி மாதிரி இருக்கு அந்தம்மா. சாப்பிடுறது எங்கேதான் போகுதோ!"

காலித் தட்டோடு விருந்தாளியை உட்கார வைக்க நஸீஹை அவன் தாய் வளர்க்கவில்லை. ஆறாவது தட்டைக் கொண்டுபோய் வைத்தான்.

"நல்லாச் சாப்பிடுங்கம்மா. உடம்புல ஒட்டட்டும்."

உம்மு வலீத் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு துண்டு, ஒரு மடக்குத் தண்ணீர், மறுபடி ஒரு துண்டு. அந்தத் தட்டும் காலியானது.

நஸீஹ் ஏழாவது தட்டோடு வந்து நின்றான். மீன் பெட்டியில் இப்போது பனிக்கட்டி மட்டும்தான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மகனே, அல்லா உன்னை நல்லா வெக்கட்டும். ரெண்டாவது தட்டுலயே எனக்கு வயிறு நிறைஞ்சுடுச்சு."

சுவரில் நஸீஹ் தன் கைப்பட எழுதி மாட்டிய அட்டையைக் காட்டினாள். 'தட்டில் மிச்சம் வைத்தால் இரட்டை விலை.'

"என்கிட்ட ஒரு ஆளுக்கான காசுதான் இருக்கு. ஒண்ணு, அந்த அட்டையைக் கழட்டு. இல்லேன்னா, தட்டு வைக்கிறதை நிறுத்து."