சிசிலி இருந்த ரோல்ஸ்

சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்றுகொண்டு சாப்பிடாமல் வாயடிப்பதுதான் இந்தக் காலத்து ஆக்களின் நாகரிகம் என்று செபமாலைக்குப் பட்டது.

அவருடைய கடதாசித் தட்டு வெறுமையாகவே இருந்தது.

புலம்பெயர்ந்து வந்த கர்க்லாண்டில் கிறகரி வீட்டு பேஸ்மென்ட். அவன் மகள் றொஷினி கோயிலில் முதல் நன்மை வாங்கியதற்கு விருந்து. ஒருவரும் பலகாரத்தில் கைவைக்க முடியாது; கிறகரி மேசையை மன்னார்ப் போர்க்களமாக்கி வைத்திருந்தான்.

நூடில்ஸ் காடு. கட்லட்டுகள் காவலரண்கள். எட்டு முள்ளுக்கரண்டிகள், ஆமி காட்டுக்குள் விடுகிற விசேட காலாட்படை.

"இன்டர்நெட்டில பாத்தனான். எட்டுப் பேருக்கும் புதுச் சாமான். இருட்டில கண் தெரியும், தோளில வைச்சு அடிச்சால் பங்கர் இல்லை!"

பக்கத்து லவால் கடையில் தானே போய் மலிவு விற்பனையில் வாங்கிக் கொடுத்தவன் மாதிரிச் சொன்னான். பிறகு மனமிரங்கி, கட்லட்டுகளுக்குப் பின்னால் நின்ற எதிர்ப்பக்கக் கரண்டிகளுக்கும் அதைவிடத் திறமான ஆயுதங்களைப் பகிர்ந்தான். ஊரில் கவண்கூடப் பிடிக்காதவன். இங்கே பாண் வான் ஓட்டுகிறவன்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில், இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ஒரு ரோல்ஸ் கிடந்தது. செபமாலையின் ஊர்.

அதற்குள்தான் அவருடைய தங்கச்சி சிசிலி. ஆடு குட்டி போட்ட பிறகுதான் ஊரைவிட்டு வெளிக்கிடுவேன் என்று பிடிவாதமாக நின்றவள்.

"உது வீட்டுக்கு மேல விழாதோ தம்பி?" என்று கேட்டார்.

"அது பழைய காலம் அண்ணை. இப்பத்தைச் சாமான் ஒரு சாண் பிசகாது. பாருங்கோ."

கரண்டியில் ஒரு கடலையை வைத்தான். ஒற்றைக் கண்ணை மூடி, கட்லட்டுக்குக் குறிபார்த்துச் சுண்டினான்.

கடலை காட்டைக் கடந்தது. கட்லட்டையும் கடந்தது. ரோல்ஸின் நடு முதுகில் போய்க் குத்தியது.

பேஸ்மென்ட் சிரிப்பால் அதிர்ந்தது.

"அது என்ர கை அண்ணை. மெஷின் பிசகாது."

செபமாலை இரண்டு படைகளுக்கும் நடுவில் கையை நீட்டினார். கடலையைத் தட்டிவிட்டார். ரோல்ஸைக் கடதாசியில் சுற்றி ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மனுசனுக்குப் பசி," என்றது ஒரு குரல்.

படியில் கிறகரியின் மனைவி இமெல்டா மறித்தாள். "சிசிலி அக்கா கதைச்சவவோ?"

"ஆடு இன்னும் குட்டி போடேல்லையாக்கும்."

சிசிலி கடைசியாகத் தொலைபேசியில் கதைத்தது மாசியில். இப்போது வைகாசி முடியப்போகிறது.

பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பஸ் தரிப்பை நோக்கி நடந்தார்.

"ஒரு சாண் பிசகாதாம்," என்றார், தெருவுக்கு.